இருபதாவது வாக்கியம்

காகிதம் இன்னும் சூடாக இருந்தது. நகலெடுத்த கையோடு தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். தளவாய் அதன்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தான். ராத்திரி முழுக்க ஏசி அறையில் மிஷின்களுக்கு நடுவில் விறைத்துக் கிடந்த கை. அந்தச் சூடு விரல் நுனிவரைக்கும் ஏறட்டும் என்று சும்மா இருந்தான். மணி எட்டு ஐம்பது. ஆறரைக்கு டூட்டி முடிந்து, அடுத்த ஆளிடம் கணக்கொப்பித்து, குழாயடியில் முகம் கழுவி, ஒரு டீயும் ரெண்டு வடையுமாக சைக்கிளை மிதித்து வந்தவன். இனி பன்னிரண்டரை வரைக்கும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இந்த ரெண்டு வருஷமாக அவன் சாமியிடம் கேட்டுவருகிற வரமே அது ஒன்றுதான். பெயர் எழுத வேண்டாம், உங்கள் பதில்கள் ரகசியமாகக் காக்கப்படும் என்று காகிதத்தின் முதல் வரியில் போட்டிருந்தது. இரண்டாவது வரியில் வயது. பதினெட்டு முதல் இருபதுவரை ஒரு கட்டம், இருபத்தொன்று முதல் இருபத்துமூன்றுவரை ஒரு கட்டம், அதற்கு மேல் ஒரு கட்டம். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் அந்த மூன்றாவது கட்டத்துக்கு ஆள் அவன் ஒருத்தன்தான். நாற்பத்துநாலு வயசு. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, முதுகில் பேரை எழுதிக்கொண்டு திருடப் போகிறவன் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தான். பக்கத்து பெஞ்ச் பாத்திமா எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்களுக்குன்னே தனிக் கட்டம் போட்டிருக்காவ. ரிசர்வேஷன்!" என்றாள். "ஆமா தாயி. வந்து ஒக்காரு, எடம் காலியாத்தான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு டிக் போட்டான். பேனா எழுதியது. அதுவரைக்கும் நல்லது.

டயாலிசிஸ் தொழில்நுட்பப் பட்டயம், ரெண்டாம் வருஷம். சுற்றி இருக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு படிப்பு. அவனுக்கு இது ஏற்கெனவே பிழைத்த பிழைப்பு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தான். தள்ளின இடத்தில் நின்று பார்த்தான். சிறுநீரகம் செத்தவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிற மிஷின், அது எப்போது கத்தும், எதற்குக் கத்தும், எந்தக் குழாயைச் சுண்டினால் அடங்கும் என்று யாரும் சொல்லித்தராமல் கையாலேயே படித்துக்கொண்டான். கேட்டால் காரணம் தெரியாது. இப்படிச் செய்தால் அப்படி ஆகும், அவ்வளவுதான். பிறகு ஆஸ்பத்திரியில் புதுசாக ஒரு விதி போட்டார்கள், சான்றிதழ் இல்லாத கை மிஷினைத் தொடக் கூடாதென்று. மேனேஜர் கூப்பிட்டு, "தளவாய், ஒன்ன விடவும் முடியல, வச்சுக்கிடவும் முடியல. போயிப் படிச்சிட்டு வா. இதுலருந்து ரெண்டாவது சித்திரைக்குள்ள பேப்பரு கையில இருக்கணும். இல்லன்னா பழையபடி ஸ்ட்ரெச்சர்தான் பாத்துக்க" என்றார். வந்து சேர்ந்தான். முதல் வருஷம் முழுக்க நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதினார்கள். கண்விழித்து வந்தவனுக்கு அதைப்போல ஒரு தாலாட்டு உலகத்தில் கிடையாது. 'சவ்வூடு பரவல் எனப்படுவது' என்று நிமிர்ந்து கிளம்பின வரி பாதியிலேயே சரிந்து, பக்கத்தின் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். உள்தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. வீட்டில் பெண்டாட்டி மாரித்தங்கம் அந்தத் தாளைப் பார்த்தாள். கூட ஒரு கரண்டி சோறு வைத்தாள். வைதிருந்தால்கூட அப்படிச் சுட்டிருக்காது.

இந்த ஜூனில்தான் ஜெபராணி மேடம் வந்தார். இருபத்தொன்பது வயசிருக்கும். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. மாணவனை அண்ணன் என்றும் கூப்பிட முடியாது. அதனால் அவன் உட்காருகிற இடத்தை வைத்து 'ஜன்னலோரம்' என்று ஆக்கிவிட்டார். ஜன்னலோரம், நீங்க சொல்லுங்க. ஜன்னலோரம், தூங்காதீங்க. முதல் வெள்ளிக்கிழமை எல்லாரையும் நோட்டை மூடச் சொன்னார். இதுக்குப் பேரு கருத்து வரைபடம் என்று சொல்லி, போர்டின் நடுவில் வட்டம் போட்டு 'தாகம்' என்று எழுதினார். இதுக்குள்ள என்னல்லாம் வருது, இதுலருந்து என்னல்லாம் போகுது, சொல்லுங்க என்றார். உப்பு என்றார்கள், வெயில் என்றார்கள், சர்க்கரை என்றார்கள். கடைசி பெஞ்ச் ரூபன் "காதல்" என்றான். அதையும் எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பி, "காதல் தாகத்த என்ன பண்ணுது ரூபன்? கூட்டுதா, கொறைக்குதா? அம்பு போட்டா அதுக்கு மேல ஒரு சொல் எழுதணும். சொல் இல்லாத அம்பு வெறும் கோடு" என்றார். வகுப்பே சிரித்தது. தளவாய் சிரிக்கவில்லை, தூக்கம் எங்கே போனதென்று தேடிக்கொண்டிருந்தான். அவன் கைக்குத் தெரிந்ததெல்லாம் போர்டில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தது, ஒன்றுக்கொன்று கைகோத்துக்கொண்டு. எடை ஏறினவர்கள் ஏன் மூச்சு வாங்குகிறார்கள், ஏன் ராத்திரி நிமிர்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார்கள். ஓகோ, இங்கேயிருந்து இங்கேயா. பதினாறு வருஷமாக இருட்டில் தடவித் தடவி நடந்த வீட்டில் யாரோ சுவிட்சைத் தட்டின மாதிரி. அடுத்த உள்தேர்வில் முப்பத்துநாலு. ஆனால் பிள்ளைகளுக்கு அது தொல்லை. வெள்ளிக்கு வெள்ளி சார்ட்டு, ஸ்கெட்ச் பேனா, அடித்துத் திருத்தி மறுபடி வரைவது. நோட்ஸ் என்றால் ஒருத்தன் எழுதினால் நாற்பது பேருக்கு ஆகும். வரைபடத்தைக் காப்பியடித்தால் மேடம் ஒரே ஒரு அம்பைத் தொட்டு "இது ஏன் இங்க போகுது?" என்பார், வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். புகார் கல்லூரி முதல்வர் வரைக்கும் போனது. அவரும் டிக்டேஷன் ஆள்தான். மாணவர்களின் மனப்பான்மை என்ன என்று அளந்து காட்டுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்த செமஸ்டருக்கு வரைபடமா நோட்ஸா என்று முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டார். அந்த அளவுகோல்தான் இப்போது அவன் உள்ளங்கைக்குக் கீழே ஆறிக்கொண்டிருந்த காகிதம். இருபது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம்: முழுதும் ஒப்புகிறேன் என்பதில் தொடங்கி, நடுவில் சொல்லத் தெரியவில்லை, கடைசியில் முழுதும் மறுக்கிறேன். மறுபடி நோட்ஸ் என்றால் மறுபடி பதினொன்று. பதினொன்று என்றால் சித்திரையில் ஸ்ட்ரெச்சர்.

நேற்றே குரூப்பில் ரூபன் போட்டுவிட்டான். 'நாளைக்கு ஃபாரம் தருவாங்க. எல்லாரும் கடைசிக் கட்டம். மேலருந்து கீழ ஒரே கோடு. யோசிக்க வேண்டாம், யோசிச்சா மனசு எளகிரும்.' கீழே முப்பத்தெட்டு கட்டைவிரல். காலையில் சைக்கிளை நிறுத்தும்போது பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணாச்சி, நீங்க கட்டைவெரல் போடலியே. நம்ம செட்டுதான நீங்க?" கெட்ட பிள்ளை இல்லை அவன். முதல் வருஷம் தளவாய் தூங்கி விழுந்த நாளெல்லாம் அவன் நோட்டைத்தான் வாங்கி எழுதினான். ஒருநாள்கூட மூஞ்சியைக் காட்டினதில்லை. "செட்டுதாம்ப்பா" என்றான். அந்தச் 'செட்டுதாம்ப்பா' இப்போது தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. மேடம் முன்னால் நின்று, பேர் எழுதக் கூடாது, பக்கத்தில் பார்க்கக் கூடாது, நிதானமாக வாசித்துப் போடுங்கள், வாசிக்காமல் போட்ட தாளைக் கழித்துவிட வேண்டும், அதுதான் முறை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் இது பரீட்சைதான்.

ஒன்று. கருத்து வரைபடம் பாடத்தைப் புரிந்துகொள்ள எனக்கு உதவுகிறது. உதவுகிறதா? இந்தச் சின்னக் கட்டத்துக்குள் ரெமிஜியுஸ் அண்ணனை எப்படி உட்காரவைப்பது? ஆறடி ஆள். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டினவர். வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து மூணாம் நம்பர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஏ தளவாய், கப்பல இழுத்துக் கரைக்குக் கொண்டாந்தவன்டா நானு, என்னையவே கயிறு கட்டி இழுக்கியே" என்பார். பதினோரு வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அவன் ராத்திரி டூட்டி முடித்து, ஆள் வராததால் பகலும் நின்றான். அவர் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போய்வந்து உடம்பில் நாலரைக் கிலோ நீர் ஏறி வந்திருந்தார். நாலரையையும் எடுத்துவிடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். மாட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் பார்த்துத் திருப்பிச் சொன்னார்கள். பேர், எடை, வடிகட்டி நம்பர், எடுக்க வேண்டிய நீர். அந்த யூனிட்டில் அது பழக்கம், வாய்விட்டுச் சொல்லாமல் குழாய் ஏறாது. பதினொரு மணிவாக்கில் அவர் மகள் டெல்லா பச்சை மூடி போட்ட டப்பாவோடு வந்தாள். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சர்க்கரை ஆள், கை நடுங்குகிறது. "தளவாய், ரெண்டே ரெண்டுடா. இட்லிதான், ஏதோ பிரியாணி கேக்க மாதிரி பாக்க." அவன்தான் சரியென்றான். "வெரசாச் சாப்புடுங்கண்ணே" என்று கட்டிலை நிமிர்த்திவிட்டதும் அவன்தான். சாப்பிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கொட்டாவி விட்டார். ஒரு கொட்டாவி, ரெண்டு கொட்டாவி. முகத்தில் வேர்வை பொடித்தது. பிரஷர் பாதாளத்துக்குப் போய்விட்டது. காலைத் தூக்கி, மிஷினை அடக்கி, உப்புநீர் பாட்டிலைப் பிழிந்து ஏற்றி, செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். அவர் மீளவில்லை. நெஞ்சை அழுத்தி அழுத்தி ஓய்ந்து, டாக்டர் நிமிர்ந்து சுற்றும்முற்றும் பார்த்துக் கேட்டார்: "யாருய்யா சாப்பாடு குடுத்தது?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகார் இல்லை, விசாரணை இல்லை. அந்த ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. ஐஸ் கம்பெனிக்கு எதிரில் டெல்லா தையல் கடை வைத்திருக்கிற தெரு ஆஸ்பத்திரிக்குக் குறுக்குவழி. பதினோரு வருஷமாக அந்தத் தெருவை விட்டு, மூட்டை அடுக்கின உப்புக் கிட்டங்கியைச் சுற்றிக்கொண்டு போகிறான். சாப்பாட்டுக்கு இட்லி வைத்தால் இன்னும் ரெண்டாவதோடு எழுந்துவிடுவான், இல்லாவிட்டால் மூணாவதைச் சேர்த்துத் தின்பான். ரெண்டோடு நிற்க முடியாது.

மூன்றாவது வாரம் மேடம், நடு வட்டத்தில் 'டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் குறைதல்' என்று போட்டுக்கொண்டு வரச் சொன்னார். வீட்டில் தரையில் சார்ட்டை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் ஒரே ஒரு வட்டம்தான் வரைந்தான்: ரெண்டு இட்லி. மேடம் 'உணவு' என்றுதான் எழுதச் சொல்லியிருப்பார். அவன் கை இட்லி என்றே எழுதியது. பிறகு புத்தகத்தைப் பார்த்தான். வயிற்றுக்குச் சோறு போனால் ரத்தம் அங்கே வேலைக்குப் போகிறது என்று போட்டிருந்தது. ஆமாம், அம்பு சரிதான். ஆனால் புத்தகம் அங்கே நிற்கவில்லை. ரெண்டு நாளில் ஏறின எடை. அதை நாலு மணி நேரத்தில் உறிஞ்சுகிற வேகம். காலையில் போட்டுக்கொண்டு வருகிற பிரஷர் மாத்திரை. அவர் அன்றைக்குப் போட்டிருந்தார், தானே சொன்னார். இருபது வருஷத்துச் சர்க்கரை நரம்பை அரித்திருந்தால் ரத்தக்குழாய் சுருங்க மறந்துவிடுமாம். களைத்த இதயம். ரத்தசோகை. அன்றைக்கு ஏசி வேறு ஓடவில்லை, அறை கொதித்தது. சூடும் ஒரு அம்பு. நெஞ்சு கனக்கிறது என்றால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாரே, அதுவும். எண்ணினான். ஒன்பது. ஒன்பது அம்பு நடு வட்டத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தன, ஒரே படகை ஒன்பது கயிறு இழுக்கிற மாதிரி. அவனுடையது அதில் ஒன்று. இல்லை என்று சொல்ல முடியாது, அது அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒன்றுதான். எழுந்து போய் முற்றத்தில் நின்றுகொண்டு அழுதான். மாரித்தங்கம் வந்து, "என்ன, சார்ட்டுல தண்ணி கொட்டிட்டா?" என்றாள். "இல்ல. நல்லா வந்திருக்கு" என்றான். மற்ற எட்டு அம்புக்கும் சொல் எழுதினான். இட்லி அம்பின்மேல் மட்டும் எழுத வரவில்லை. மேடம் அந்த இடத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'சொல் எங்கே?' என்று எழுதித் திருப்பிக் காட்டிவிட்டு, மற்ற சார்ட்டுகளோடு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். அங்கேதான் இருக்கிறது, இந்த இடத்திலிருந்து பார்த்தால் சுருட்டின முனை தெரிகிறது. இந்த உதவிக்கு எந்தக் கட்டம்? முழுதும் ஒப்புகிறேன் என்றால் போதுமா? கும்பிடுகிறேன் என்று ஒரு கட்டம் போட்டிருக்கக் கூடாதா? ரூபன் பார்க்கிறானா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு முதல் கட்டத்தில் டிக் போட்டான். செட்டு உடைந்தது.

இரண்டு. வரைபடம் வரைவதால் என் நேரம் வீணாகிறது. சிரிப்பு வந்தது, இதற்குக் கடைசிக் கட்டம். மூன்று. நோட்ஸ் எழுதுவதே எனக்குப் போதுமானது. இதற்கும் கடைசி. நான்கு. வரைபடம் பாடங்களை நோயாளியோடு இணைத்துப் பார்க்கக் கற்றுத்தருகிறது. முதல் கட்டத்துக்குப் போன பேனா அந்தரத்தில் நின்றுவிட்டது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் சற்றே திருப்பினான். பாத்திமாவின் தாளில் கடைசிக் கட்டத்தில் எறும்பு வரிசை மாதிரி டிக்குகள் மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தன. எதையும் வாசிக்கவில்லை அவள். பதினெட்டாவது வாக்கியத்தில் இருந்தாள். முன் பெஞ்ச்சில் ஒரு பையன் முடித்துவிட்டுப் பேனாவை மூடினான். தன் தாளில் கீழே வரைக்கும் கண்ணை ஓட்டினான். இவர்களுக்குத் தெரியவில்லை. மேடம் நல்லதும் கெட்டதும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். பத்து வாக்கியம் வரைபடத்தை மெச்சுகிறது, பத்து வாக்கியம் வைகிறது. எல்லாவற்றையும் மறுத்தால் மெச்சினதையும் மறுத்து, வைததையும் மறுத்து, கயிறிழுப்பில் ரெண்டு பக்கமும் ஒரே ஆள்கள் நின்று இழுத்த மாதிரி கயிறு அசையாமல் நடுவில் நிற்கும். வரைபடம் வேண்டாம் என்று கோடு போடுகிற பிள்ளைகள், அது நேர விரயமே இல்லை என்றும் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மேடம் ஒரு தாளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். வாசிக்காமல் போட்டது. கழித்துவிட வேண்டும், அதுதான் முறை. எல்லாம் கழிந்தால் மிஞ்சுவது? ஜன்னலோரத்துத் தாள் ஒன்று. முழுக்க முழுக்க மெச்சின தாள். தளவாய்க்குக் காது மடல் சுட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவன் ஒன்றும் செய்யவில்லையே. அவர்களாகப் போட்ட கோடு, அவர்களாக விழுந்த குழி. சித்திரைக்குள் பேப்பர். மாரித்தங்கத்திடம் முப்பத்துநாலைக் காட்டின அன்றைக்கு அவள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்; நாற்பதையும் அங்கே செருகலாம். சும்மா இரு தளவாய். தூங்குகிற மாதிரி இரு, அதுதான் உனக்கு நன்றாக வருமே.

ஆனால் கழித்துக் கழித்து ஒற்றைத் தாளோடு அந்தப் பிள்ளை, அதுதான் மேடம், முதல்வர் முன்னால் போய் எப்படி நிற்கும்? நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஒருத்தர்தான் வாசித்தார் என்றா? அதுவும் போகட்டும். வாசிக்காமல் போட்ட டிக். அந்தச் சொற்கள்தான் அவனை உட்காரவிடவில்லை. இவர்களெல்லாம் நாளைக்கு மிஷின் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள். வாசிக்காமல் குழாய் மாட்டினால்? யோசிக்க வேண்டாம் என்று குரூப்பில் ஒருத்தன் போட்டான் என்பதற்காக முப்பத்தெட்டு பேர் மேலிருந்து கீழே கோடு இழுத்தால்? ரூபனுக்கு வரைபடம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதட்டும். அதைச் சொல்ல அவனுக்கு வாய் உண்டு, உரிமை உண்டு. அந்த வாயை அவனே அறியாமல் பொத்தி, அதில் தான் ஜெயிப்பதா? அந்த நோட்டை வாங்கி எழுதின கையாலேயா? பயமாகத்தான் இருந்தது. மிஷின் அலாரம் அடிக்கப்போகிற ஒரு நொடிக்கு முன்னால் வருமே அந்தப் பயம். சொன்னால் திருத்திக்கொள்வார்கள். திருத்தினால் நிஜமாகவே தோற்றுப்போவோம். ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் எப்போதும் இடதுபக்கம் இழுக்கும், அது நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றுவிட்டான். நின்ற பிறகுதான் நின்றது தெரிந்தது.

"என்ன ஜன்னலோரம்?" என்றார் மேடம். "மேடம், ஒருதடவ வாய்விட்டு வாசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணுலருந்து இருவது வரைக்கும்." கடைசி பெஞ்ச்சிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. "அண்ணாச்சி, எங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். நாங்க முடிச்சிட்டோம்." "முடிச்சவங்களும் கேக்கட்டுமே ரூபன். எங்க யூனிட்டுல ரெண்டு பேரு வாசிச்சுப் பாக்காம ஒண்ணும் ஏறாது. பழகிப்போச்சு." மேடம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார். ஒன்று வாசித்தபோது யாரும் அசையவில்லை. இரண்டு வாசித்தார்: வரைபடம் வரைவதால் என் நேரம் வீணாகிறது. மூன்று வாசித்தார். பாத்திமா குனிந்து தன் தாளைப் பார்த்தாள், "யா அல்லா" என்றாள். அது வகுப்பு முழுக்கக் கேட்டது. பின்னால் தாள்கள் சரசரத்தன. யாரோ ரூபன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்கள். "லே, யோசிக்க வேண்டாம்னியே, நாசமாப் போவான், நேரம் வீணாகலன்னுல்லா எழுதி வச்சிருக்கேன்!" சிரிப்பு பெஞ்ச் பெஞ்ச்சாகப் பரவியது. "மேடம், வேற ஃபாரம் இருக்கா?" "பத்துதான் இருக்கு. மத்தவங்க அடிச்சுத் திருத்துங்க." "ஆஸ்பத்திரி ரெக்கார்டுல அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க. கையெழுத்துப் போட்டா பேர் தெரிஞ்சிருமே?" மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண் கலங்கியிருந்ததை அந்தச் சிரிப்பில் மறைத்துக்கொண்டார். "அடிக்க மட்டும் அடிங்க. கையெழுத்து வேண்டாம். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னே போடுங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். ஆனா வாசிச்சுட்டுப் போடுங்க" என்றார். ரூபன் அந்தப் பக்கத்திலிருந்து தளவாயைப் பார்த்தான். கோபம்தான். கோபத்துக்கு ஓரத்தில் வேறு ஒன்றும் இருந்தது. அது என்னவென்று பார்க்கத் தைரியமில்லாமல் தளவாய் உட்கார்ந்தான். எல்லாரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள், நிஜமாகவே வாசித்துக்கொண்டு. இந்த வகுப்பில் இவ்வளவு அமைதியை அவன் கேட்டதில்லை. என்ன போடுகிறார்களோ, போடட்டும்.

மேடம் நிதானமாக வாசித்துக்கொண்டே போனார். அந்தக் குரலுக்கு அவன் கண் சொருகியது, டிக்டேஷன் பழக்கம். பதின்மூன்று. வரைபடம் வரையும்போது எனக்கு முன்பு தெரியாத தொடர்புகள் தெரியவந்தன. தெரியவந்தன, ஒன்பது தெரியவந்தன என்று பாதித் தூக்கத்தில் சொல்லிக்கொண்டே டிக் போடப் போனவனுக்கு அந்தச் சார்ட்டு மூடின இமைக்குள் விரிந்தது. அழுத்தம் குறைதல். ரெண்டு இட்லி. இட்லி வட்டத்துக்கு இந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அது எங்கேயிருந்து வந்தது? எந்த வட்டமும் சும்மா ஆகாயத்திலிருந்து குதிக்காது என்பாரே மேடம். அதற்கு முன்னால் ஒரு டப்பா. டப்பாவுக்கு முன்னால் ஒரு கை. தூக்கம் தெறித்து ஓடியது. டாக்டர் நிமிர்ந்து சுற்றிப் பார்த்துக் கேட்டாரே, யாருய்யா சாப்பாடு குடுத்தது. பதினோரு வருஷமாக அந்தக் கேள்வி தன்னைப் பார்த்துக் கேட்டதென்றே வைத்துக்கொண்டிருக்கிறான். தன் சொத்து மாதிரி, வேறு யாருக்கும் பங்கில்லாத மாதிரி. திரை ஓரத்தில் டெல்லா நின்றாள். கையில் டப்பா இருந்தது. மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள், அந்த டிக் டிக் சத்தம்கூட இப்போது கேட்கிறது. அவளும் கேட்டாள். அவள் காதிலும்தானே விழுந்தது. சாப்பாடு கொடுத்தது அவன் இல்லை, அவன் சரியென்றவன். கொடுத்தவள் அவள். அன்றைக்கு இருபத்திரண்டு வயசு, அப்பாவுக்கு விடிய எழுந்து இட்லி அவித்துக் கொண்டுவந்தவள். அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள், ஒன்பது என்று? அவள் எத்தனையோடு எழுந்துவிடுகிறாளோ, எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறாளோ. சீ, என்ன ஆள் நான். பதினோரு வாரமாக அந்தச் சார்ட்டை அலமாரிமேல் போட்டுவிட்டு, என் பாரம் இறங்கிற்று என்று நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறேனே.

பதினெட்டு, பத்தொன்பது எல்லாம் கை தன்பாட்டுக்குப் போட்டது. இருபது. கருத்து வரைபடத்தை வகுப்புக்கு வெளியிலும் பயன்படுத்துவேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற பத்தொன்பதும் நடந்து முடிந்ததைக் கேட்டன. இது ஒன்றுதான் நடக்கப்போவதைக் கேட்டது. சொல்லத் தெரியவில்லை என்று நடுவில் ஒரு கட்டம் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். பதினோரு வருஷத்துக்கு இன்னொரு வருஷம் சேர்ந்தால் கேட்கப்போவது யார். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக எழுந்து தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். ரூபன் போகும்போது பெஞ்ச் அருகில் நின்றான். "அண்ணாச்சி, நான் படம் வேண்டாம்னுதான் போட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க. எனக்கு அந்தப் படம் ஒத்து வரல. ஆனா நாலாவதுக்கு மட்டும் போட முடியல. நோயாளியோட எணைச்சுப் பாக்கறதுக்கு." "அதுக்கு என்ன போட்ட?" "ரகசியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தளவாய் பேனாவை அழுத்தி, முதல் கட்டத்தில், முழுதும் ஒப்புகிறேன் என்பதில், டிக் போட்டான். பேனா மை. இனி அழிக்க முடியாது. போட்டாயிற்று, இனிமேல் அதை உண்மையாக்குவதுதான் பாக்கி.

தாளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றான். மேடம் கட்டை அடுக்கித் தட்டிக்கொண்டிருந்தார். "என்ன வருமோ தெரியல" என்று தனக்குத்தானே மாதிரி சொன்னார். "வாசிச்சுப் போட்டது வரும் மேடம்" என்றான் அவன். அலமாரியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, "அந்த மூணாவது வாரத்துச் சார்ட்டு எனக்கு வேணும்" என்றான். "எதுக்கு?" "ஒருத்தவங்களுக்குக் காட்டணும். அவங்க அப்பா எங்க யூனிட்டுக்கு வந்தவரு." மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தூசியைத் தட்டி, அவன் சார்ட்டைத் தேடி எடுத்துப் பிரித்துப் பார்த்தார். சிவப்புக் கேள்விக்குறி வெளுக்காமல் இருந்தது. "இதுல ஒரு சொல் பாக்கி இருக்கே அண்ணே" என்றார். அண்ணே என்று வாயில் வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். மேஜைமேல் சார்ட்டைப் பரப்பி, இட்லிக்கும் நடு வட்டத்துக்கும் நடுவில் பதினோரு வாரமாக, பதினோரு வருஷமாக வெறுங்கோடாகக் கிடந்த அந்த அம்பின்மேல் 'ஒன்பதில் ஒரு பங்கு' என்று எழுதினான். ஒரு சொல் கேட்டார், மூணு சொல் ஆகிவிட்டது. மேடம் அதைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. சுருட்டின சார்ட்டை சைக்கிள் கம்பியோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டினான். பதினோரு மணி வகுப்பு போனால் போகட்டும், பாத்திமாவிடம் நோட்ஸ் வாங்கிக்கொள்ளலாம். உப்புக் கிட்டங்கி முக்கில் வழக்கம்போல ஹேண்டில் வலதுபக்கம் திரும்பப் பார்த்தது. பதினோரு வருஷம் பழகின சைக்கிள், அதன்மேல் தப்பில்லை. காலை ஊன்றி நின்று, ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்தான். ஐஸ் கம்பெனியின் குளிர்காற்று முகத்தில் அடித்தது. எதிரே தையல் மிஷின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"டயாலிசிஸ் யூனிட்டு தளவாய்ம்மா" என்றான். "ஒங்க அப்பா விசயமா ஒண்ணு காட்டணும். ஒரு அஞ்சு நிமிசம்."